ஒழுங்கைக்குள் இறங்கிய தண்ணீர்

கண்டியில் பின்னேர மழை தொடங்கினால் எங்கள் ஒபிசில் போன் அடிக்கத் தொடங்கும். அதை எடுத்துப் பேசுவது என் வேலை. நிலத்துக்குக் கல் பதிக்கிற கம்பெனி ஒன்றில் நான் நெடுங்காலமாக இருக்கிறேன். பிலிமத்தலாவையில், கொழும்பு வீதி ஓரமாக, இரும்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒபிஸ். வீட்டு முற்றம், கடை வாசல், ஹோட்டல் வளவு என்று எங்கே சேறு தொல்லையாக இருக்கிறதோ அங்கே எங்கள் ஆட்கள் போவார்கள். மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, இறுக்கி, மணல் பரப்பி, அதன்மேல் இன்டர்லொக் கல்லை அடுக்கிவிட்டு வருவார்கள். வேலை முடிந்த அன்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்ப்பார்கள்.

மழை பெய்தால் எங்களுக்குப் போன் எடுப்பது அவர்கள் இல்லை. அவர்களுக்குக் கீழே இருப்பவர்கள். கண்டியைச் சுற்றி எல்லாமே ஏற்றமும் இறக்கமும்தான். ஒருவருடைய முற்றம் இன்னொருவருடைய கூரை மட்டத்தில் இருக்கும். முன்பெல்லாம் மேலே பெய்த மழையில் பாதியை அங்கேயே மண் குடித்துவிடும். கல் பதித்த பிறகு அது குடிப்பதில்லை. வந்த தண்ணீர் முழுவதும் ஒரே ஓட்டமாகக் கீழே வரும். கீழே யாருடையதாவது குசினி இருக்கும்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு மெனேஜர் இருந்தார். ஹேவாஹெட்டைப் பக்கம் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, மேலே வந்தவர். அவரைப்போல எல்லோருக்கும் பிடித்த ஒரு மனிதரை வேறெந்த வேலையிடத்திலும் நான் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் நேரே தன் அறைக்குப் போகமாட்டார். மேசை மேசையாக நின்று, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, மாமியாரின் கண் ஒபரேஷன் என்னவாயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் போவார். நத்தாருக்கு எங்கள் வீடுகளுக்குக் கேக் வரும். தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து பலகாரம் வரும். வேலையாட்களின் வீட்டில் சாவு என்றால் பாடை தூக்குகிற தோள்களில் ஒன்று அவருடையதாக இருக்கும்.

எங்கள் பாஸின் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது அவர் சேர்ட் கையை மடித்துவிட்டுக்கொண்டு பந்தியில் சோறு பரிமாறினார். கல் பதிக்கிற மேசன்மாருக்குத் தலைவராக இருப்பவரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பாஸும் ஹேவாஹெட்டைக்காரர்தான். மெனேஜர் தன் ஊர் ஆள் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

டவுனுக்கு வெளியே, மலைச்சரிவில், ஒரு கல்யாண மண்டபத்தின் வளவு முழுவதற்கும் கல் பதிக்கிற வேலை எங்களுக்கு வந்தது. அதுவரை அங்கே புல்லும் நாலைந்து பலா மரங்களும் இருந்தன. மழை நாளில் கல்யாணத்துக்கு வருகிறவர்களின் கார் சேற்றில் புதைகிறது, பட்டுச்சேலை பாழாகிறது என்று மண்டபக்காரர் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வரைபடத்தில் வளவின் தாழ்ந்த ஓரம் நெடுகிலும் தண்ணீர் ஓட ஒரு வடிகான் போட்டிருந்தோம். அது வந்தால் ஒரு வரிசை கார் நிறுத்த முடியாமல் போகும் என்று மண்டபக்காரர் முகத்தைச் சுளித்தார். அந்தப் பேச்சு நடந்தபோது நானும் அங்கே நின்றேன்.

"சரி விடுங்க. எடம் சரிவாத்தானே இருக்கு, தண்ணி தானா போயிரும்," என்று மெனேஜர் சிங்களத்தில் சொன்னார். மண்டபக்காரரின் முகம் மலர்ந்தது.

தண்ணீர் தானாகத்தான் போனது. மண்டபத்துக்குக் கீழே ஓர் ஒடுக்கமான ஒழுங்கை இறங்கிப் போகிறது. அதில் முதலாவது வீடு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற ஓர் அம்மாவுடையது. வேலை முடிந்து வந்த முதல் பெரிய மழையில் அவர் போன் எடுத்தார்.

"மிஸ், நான் மண்டபத்துக்குக் கீழ இருந்து பேசுறேன். ஒங்க கல்லு மேல வந்த தண்ணி என் குசினிக்குள்ள பூந்துருச்சு. மாவு பூரா நனைஞ்சு போச்சு. நாளைக்குக் காலைல கடைக்காரங்களுக்கு நான் என்னத்தக் குடுக்க?"

நான் மெனேஜரிடம் சொன்னேன். அவர் அடுத்த நாளே போனார். அந்த வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தார். "கவலப்படாதீங்கக்கா, நான் இருக்கேன்ல," என்று சொல்லிவிட்டு வந்தார். இதை எனக்குச் சொன்னது அந்த அம்மாதான். மறுபடி போன் எடுத்து, "அந்த சேர் எவ்வளவு தன்மையானவரு மிஸ்," என்றார்.

பிறகு ஒவ்வொரு மழைக்கும் அவருடைய போன் வரும். ஆரம்பத்தில் இருந்த கோபம் குறைந்துகொண்டே போனது. கடைசியில் அவர்தான் ஏதோ பிழை செய்ததுபோலப் பேசுவார். "சேருக்கு வேல கூட இருக்கும். நேரம் பார்த்து ஞாபகப்படுத்துங்க மிஸ்." நான் ஞாபகப்படுத்துவேன். "அட பாவமே, அந்தம்மாவ மறந்தே போனேன்," என்று மெனேஜர் தலையில் கைவைத்துக்கொள்வார். உண்மையாகவே வருத்தப்படுவார். அதோடு அது முடிந்துவிடும்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் மத்தியானம் அந்த வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டைத் தாங்கி நின்ற கல்மதில் குசினியின்மேல் விழுந்தது. அந்த அம்மா அந்த நேரம் முன்பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்ததால் தப்பினார். அடுப்பு, இடியப்பத் தட்டுகள், மா மூட்டை எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன.

எங்கள் முதலாளி சிங்களவர். சத்தம் போடுகிற ஆள், ஆனால் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். அன்று பின்னேரமே ஒபிசுக்கு வந்து, இது யாருடைய வேலை என்று கேட்டார். மெனேஜர் பாஸின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார். மிகவும் கவலையான குரலில், பாஸ் நல்ல தொழிலாளிதான், ஆனால் இந்த முறை சரிவைப் பிழையாக விட்டுவிட்டார் என்று சிங்களத்தில் சொன்னார். பாஸ் என்னைத்தான் பார்த்தார்.

"சேர், அந்த வடிகான் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் அங்கதானே நின்னேன்?" என்றேன். முதலாளிக்குத் தமிழ் விளங்காது என்பதால் அதையே சிங்களத்திலும் சொன்னேன்.

மெனேஜர் கோபப்படவில்லை. சிரித்தார். "எங்க மிஸ்ஸுக்குப் பாஸ் மேல எப்பவும் ஒரு பாசம்," என்று என்னிடம் தமிழில் சொல்லி, முதலாளிக்கும் அதைச் சிங்களத்தில் பகடியாக எடுத்துச் சொன்னார். முதலாளி சிரித்துவிட்டார். இறுகிக் கிடந்த அந்த அறை தளர்ந்தது. நான் சொன்னது அந்தச் சிரிப்போடு போய்விட்டது. பாஸ் அன்றே வேலையை விட்டு நிறுத்தப்பட்டார்.

அந்த வாரக் கடைசியில் மெனேஜர் அரிசி, பருப்பு, பால்மா எல்லாம் வாங்கிக்கொண்டு பாஸின் வீட்டுக்குப் போனார். அதை நடிப்பு என்று என்னால் சொல்ல முடியாது. யாரும் தன்மேல் மனக்குறை வைத்திருப்பதை அந்த மனிதரால் தாங்க முடியாது, அவ்வளவுதான். மண்டபக்காரரும், முதலாளியும், பாஸும், இடியப்ப அம்மாவும் எல்லோரும் அவரை நல்லவர் என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நாளில் அவருக்குக் கொழும்பில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்தது. அவர் போன அன்று ஒபிசில் முக்கால்வாசிப் பேர் அழுதார்கள்.

அடுத்து மெனேஜராக வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். இஞ்சினியர். எங்களில் பலரைவிட வயதில் குறைந்தவர். வந்த முதல் நாள் வணக்கம் சொல்லிவிட்டு நேரே அறைக்குள் போனவர் பின்னேரம் வரை வெளியே வரவில்லை. எங்கள் ஒருவருடைய பிள்ளையைப் பற்றியும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டார். கணக்குப் பகுதியில் இருக்கிற இரண்டு பிள்ளைகளை பெயர் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சிங்களமும் சரியாக வராது. முதலாளியோடு பேசும்போது சொல்லுக்காகத் தடுமாறுவார். எங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவருக்கு அது தெரிந்த மாதிரியும் இல்லை.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மழை நேரத்தில வாற போனெல்லாம் ஆர் எடுக்கிறது?"

"நான்தாங்க மேடம்."

"எடுத்து என்ன சொல்லுறனீங்கள்?"

"சேர் வந்து பார்ப்பார்னு சொல்லுவேன். இப்ப மேடம் வந்து பார்ப்பாங்கன்னு சொல்றேன்."

"நான் வராட்டி நீங்கள் பொய் சொன்ன மாதிரியெல்லோ? இனி அப்பிடிச் சொல்லாதேங்கோ. போனை எனக்குத் தாங்கோ. நானே பேசுறன்."

எத்தனையோ வருடமாக யார் யாருடைய கோபத்தையோ என் காது வாங்கிக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்றையாவது தன் கையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவர் அவர்தான். ஆனாலும் அன்று எனக்கு நன்றி தோன்றவில்லை. என்னை நம்பவில்லையோ என்றுதான் தோன்றியது.

இடியப்ப அம்மாவின் கதையை நான் சொன்னதும், "அடுத்த மழைக்குப் போவம்," என்றார். வெயிலில் போனால் ஒன்றும் தெரியாதாம். அப்படியே மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பின்னேரம் வேனை எடுக்கச் சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே பேண்ட் சத்தம். வெளி மண்டபத்தில் கோட் போட்ட ஆண்களும் சேலை கட்டிய பெண்களும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு குடையோடு வளவின் நடுவில் போய் நின்றோம். முதலில் கல் நனைந்து மின்னியது. பிறகு தண்ணீர் ஒரு விரிப்பு நழுவுகிற மாதிரி வளவு முழுவதும் சேர்ந்து நகரத் தொடங்கியது. மூலையில் மதில் உடைந்து கிடந்த இடத்தால் வாய்வைத்த தண்ணீர்ப் பீலிபோல ஒழுங்கைக்குள் கொட்டியது. புது மெனேஜரின் சப்பாத்து தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. அவர் அசையவில்லை. உள்ளே பேண்ட்காரர்கள் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள்.

கீழே ஒழுங்கையில் பெண்கள் விளக்குமாற்றோடு வாசலில் நின்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இடியப்ப அம்மா குசினிச் சுவர் இருந்த இடத்தில் தகரம் அடித்திருந்தார். தகரத்தின் கீழால் சிவப்புத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் மெனேஜரை அறிமுகம் செய்து வைத்தேன்.

"முந்தின சேர் எங்க? அவரு செஞ்சு தாறேன்னு சொன்னாரே?"

"அவர் வேலையை விட்டுட்டார். இனி நான்தான்."

"அப்ப நீங்களும் டீ குடிச்சிட்டுப் போவீங்க."

"எனக்குத் தேத்தண்ணி வேண்டாம் அம்மா. எதால தண்ணி வருதெண்டு காட்டுங்கோ."

அந்த அம்மா வீட்டைச் சுற்றிக் காட்டினார். மெனேஜர் குனிந்து, நிமிர்ந்து, மேலே மண்டபத்தைப் பார்த்து, தண்ணீர் வந்த வழியே நடந்தார். ஒழுங்கைச் சனமெல்லாம் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டது. யாரோ ஒருவர் சிங்களத்தில் ஏசிக்கொண்டிருந்தார். கடைசியில் மெனேஜர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இது நாங்கள் போட்ட கல்லாலதான் வருது. வேற காரணம் ஒண்டும் இல்லை."

அதைச் சிங்களத்தில் சொல்லும்படி என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். ஏசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.  இடியப்ப அம்மா வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"இத யாராவது மொதல்லயே சொல்லியிருக்கலாமே மிஸ்," என்றார் என்னிடம். "எங்க வீட்டுக்காரரு பின்னுக்கு ஒரு குழி வெட்டினாரு. அதாலதான் மதில் விழுந்துச்சுன்னு இத்தன நாளா அந்த மனுசன ஏசிக்கிட்டு இருக்கேன். அவரு என்கூடப் பேசுறதையே விட்டுட்டாரு."

செய்தி எங்களுக்கு முன்னால் ஒபிசுக்குப் போய்விட்டது. மறுநாள் முதலாளி மெனேஜரின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டது மாடிப்படி வரை கேட்டது. பிழையை ஒத்துக்கொண்டால் கேஸ் போடுவார்கள், இன்னும் பத்துப் பேர் கிளம்பி வருவார்கள், இது தெரியாமல் என்ன இஞ்சினியர் என்றார். மெனேஜர் அரைகுறைச் சிங்களத்தில் மெதுவாகப் பதில் சொன்னார். நாங்கள் செய்யவில்லை என்று சொல்ல வேண்டுமானால் அதை முதலாளியே போய்ச் சொல்லட்டும், போன் எடுக்கிற மிஸ்ஸைக் கொண்டு சொல்லவைக்க மாட்டேன் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் என் மேசையில் குனிந்துகொண்டு வேலை செய்கிற மாதிரி இருந்தேன்.

முதலாளியின் சத்தம் வழக்கம்போல அடங்கியது. திருத்தவேண்டியதைத் திருத்தலாம், ஆனால் பெரிதாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு மெனேஜர் பாஸைப் பற்றி விசாரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். "அந்த ஆளைத் திருப்பிக் கூப்பிட வேணும்," என்றார். ஆளனுப்பிக் கூப்பிட்டால் போதும் என்றேன். கேட்கவில்லை. நாங்கள் ஹேவாஹெட்டைக்குப் போனோம். பாஸ் யாரோ ஒருவருடைய மரக்கறித் தோட்டத்தில் கூலிக்கு லீக்ஸ் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கையைக் கழுவ ஓடினார்.

மெனேஜர் சுற்றி வளைக்கவில்லை. "உங்களில பிழை இல்லை. வடிகானை விட்டதுதான் பிழை. நீங்கள் திரும்பி வரவேணும்."

பாஸ் என்னைப் பார்த்தார். பிறகு மேலே மலையைப் பார்த்தார். "அந்த சேரப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்ங்க. என் மக கல்யாணத்துல சோறு போட்டவரு."

"அவரைப் பற்றி நான் கேக்கேல்ல."

"வேலயில்லாம ஆக்கினதுகூடப் பரவாயில்லீங்க மேடம். சின்னப் பசங்களுக்கு முன்னுக்கு வச்சு எனக்கு லெவல் புடிக்கத் தெரியாதுன்னு ஆக்கிட்டாங்க. நான் எப்படிங்க அங்க வந்து நிக்க?"

மெனேஜர், "அப்ப அவையளுக்கு முன்னாலயே நான் சொல்லுறன்," என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, கல் அடுக்கி வைக்கிற எங்கள் யார்டில், வேலைக்குப் புறப்பட்டு நின்ற எல்லோருக்கும் முன்னால் அதைச் சொன்னார். பேச்சுத் திறமை அவருக்கில்லை. மண்டபத்து வேலையில் பாஸ் செய்ததில் பிழையில்லை, கம்பெனி எடுத்த முடிவுதான் பிழை, அவரை நிறுத்தியதும் பிழை, இன்று முதல் அவர் பழைய வேலையில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் லொறிப் பக்கம் போய்விட்டார். பாஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு வழக்கம்போல ஒருவனை ஏசி லொறியில் ஏறச் சொன்னார்.

மண்டபக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வளவின் பாதியையாவது திறந்து புல் வளரவிடும்படி மெனேஜர் கேட்டார். மண்டபக்காரர் ஒரு புல்லுக்கும் சம்மதிக்கவில்லை. கல்யாண சீசன், வருகிறவர்கள் காரை என் தலையிலா நிறுத்துவார்கள் என்றார். நான் அவர்களுக்கு நடுவில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் களைத்துப் போனேன். பல நாள் போய் வந்த பிறகு, தாழ்ந்த ஓரத்தில் மட்டும் கல்லைக் கிளப்புவதற்கு ஒத்துக்கொண்டார். பாஸும் ஆட்களும் அங்கே வடிகான் வெட்டி, மேலே இரும்புச் சட்டம் போட்டு, அதற்கு இப்பால் ஒரு துண்டு நிலத்தில் சரளைக்கல்லும் மண்ணும் நிரப்பிப் புல் பதித்தார்கள். மதிலையும் இடியப்ப அம்மாவின் குசினிச் சுவரையும் கட்டிக்கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த மழையில் இடியப்ப அம்மா போன் எடுத்தார். குசினிக்குள் தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

"மிஸ், இன்னைக்கு வாசப்படி வரைக்குந்தான் வந்துச்சு. உள்ளுக்கு வரல்ல. அதத்தான் சொல்ல எடுத்தேன்."

நான் ஓடிப்போய் மெனேஜரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். "வாசப்படி வரைக்கும் வருதுதானே," என்றார். சந்தோஷப்படத் தெரியாத மனுஷி என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு வந்தது மலைநாடு முழுவதையும் உலுக்கிய அந்தப் பெருமழை. அதைப் பற்றி இங்கே எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. என் கதை சிறியது. அன்று காலை வழக்கம்போல நாவலப்பிட்டியிலிருந்து வேலைக்கு வந்துவிட்டேன். மழை இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. மத்தியானம் ஆகுமுன்னே மெனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். முதலாளியிடம் கேட்டாரா என்று யாரோ கேட்டார்கள். "கேக்கேல்ல. பிறகு சொல்லுறன். றோட்டு மூடமுந்திப் போங்கோ."

போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழும்பாமல் இருந்தேன்.

"நீங்களும் போங்கோ. தூரம் போறவ நீங்கள்தான்."

"போன் வந்துக்கிட்டே இருக்குங்களே மேடம். எல்லாம் சிங்கள ஆளுங்க. ஒங்களுக்குக் கஷ்டம்."

"என்ர சிங்களம் அவையளுக்கு விளங்கும். எழும்புங்கோ."

என் கையிலிருந்த ரிசீவரை வாங்கிக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் பக்கம் போன கடைசி பஸ்களில் ஒன்று கிடைத்தது. வழியில் இரண்டு இடத்தில் மண் விழுந்து கிடந்தது. நான் வீடு சேர்ந்த பிறகு அந்தப் பாதை பல நாள் மூடிக் கிடந்தது.

திரும்பி வேலைக்குப் போனபோதுதான் மற்றவர்கள் சொன்னார்கள். அன்று பொழுது சாயும் வரை அவர் தனியாக இருந்து எல்லா போனையும் எடுத்திருக்கிறார். அவருக்குச் சரளமாக வந்த சிங்களம் "மம எனவா" என்பது மட்டும்தானாம், நான் வருகிறேன் என்று அர்த்தம். ஏசியவர்களிடமும் அழுதவர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறார். மழை விட்டதும் பாஸை ஏற்றிக்கொண்டு, அப்படிச் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருக்கிறார். சில இடத்தில் பாதை இல்லாமல் நடந்து போயிருக்கிறார்கள். பல வீடுகளில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மண்ணை அள்ள உதவிவிட்டு வந்தார்களாம்.

இடியப்ப அம்மாவின் வீட்டுக்கு நானும் போனேன். நாங்கள் வெட்டிய வடிகான் அப்படியே இருந்தது, புல்கூடப் பிய்யவில்லை. ஆனால் ஒழுங்கையின் மற்றப் பக்கத்தில் யாரோ மலையை வெட்டி மாடிவீடு கட்டி, சுற்றிலும் கொங்கிரீட் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தால் வந்த சேறு அம்மாவின் வீட்டுக்குள் யன்னல் மட்டத்துக்கு நின்றது. அவர் சாமான்களைக் கழுவி வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். கூடவே அவருடைய வீட்டுக்காரரும் ஒரு அலுமாரிக் கதவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒங்க பக்கத்தால வரல்ல மிஸ். அது வேற பக்கம்," என்றார் அம்மா. எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்.  அதற்குப் பிறகு அவர்கள் மாத்தளைப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஏதோ பள்ளிக்கூடக் கன்டீனில் சமைக்கிறதாகக் கேள்வி.

வீட்டில் என் கணவருக்கு முழங்கால் வலி. மழைக்காலத்தில் எங்கள் முற்றம் வழுக்கும். இரண்டு தரம் விழுந்தும் இருக்கிறார். யார்டில் மிஞ்சிக் கிடக்கிற கல்லைக் கொண்டுவந்து முற்றம் முழுக்கப் போடலாமே, கம்பெனியில் வேலை செய்து என்ன பிரயோசனம் என்று நெடுநாளாகக் கேட்கிறார். எங்களுக்குக் கீழேயும் ஒரு வீடு இருக்கிறது என்றேன். "நான் விழுந்து இடுப்பு ஒடஞ்சா அந்த வீட்டுக்காரங்களா தூக்க வருவாங்க?" என்றார். அவர் கேட்டதிலும் பிழையில்லை. கடைசியில் கேற்றிலிருந்து வாசல் வரைக்கும் நடக்கிற அளவுக்கு மட்டும் கல் பதித்தோம். அவருக்கு அது போதவில்லை. கீழ்வீட்டுக்காரர்களுக்கு இப்படி ஒரு சண்டை நடந்ததே தெரியாது.

இப்போது சில மாதங்களாக மெனேஜர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அவருடைய அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார். போகும்போது தன் இடத்தில் என்னை இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் மாட்டேன் என்றேன். எனக்கு வயதாகிவிட்டது, இஞ்சினியரும் இல்லை, ஆட்களைக் கட்டி மேய்க்கத் தெரியாது என்றேன். "கணக்கெல்லாம் நான் போனில பாப்பன். உங்களுக்கு மற்றது தெரியும்," என்றார். மற்றது என்றால் என்ன என்று சொல்லவில்லை.

அந்தக் கதிரையில் இருந்து பார்த்த பிறகுதான் அது எவ்வளவு அலுப்பான வேலை என்று விளங்குகிறது. போன வாரம் ஒரு ஹோட்டல்காரர் வந்தார். வளவு முழுவதும், மதிலோடு மதில் முட்ட, கல் வேண்டும் என்றார். கீழே இருக்கிற வீடுகளைச் சொல்லி, ஓரத்தில் மண்ணாக ஒரு துண்டு விட்டு வடிகானும் போட்டால்தான் செய்வோம் என்றேன். கேள்வி கேட்காமல் செய்து தருகிற கம்பெனிகள் கண்டியில் நிறைய இருக்கின்றன என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். போய் அப்படி ஒன்றைப் பிடித்தும் விட்டார். முதலாளி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த வேலையை நம்பியிருந்த எங்கள் ஆட்கள் யார்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"பழைய சேர் இருந்திருந்தா ஹோட்டல்காரர நாலு வார்த்த பேசி வழிக்குக் கொண்டுவந்திருப்பாரு மிஸ்," என்றான் அவர்களில் ஒருவன்.

"இருக்கும்," என்றேன். உண்மையிலேயே இருக்கும். ஆனால் அந்த ஓரத்து மண்ணும் அந்தப் பேச்சோடு போயிருக்கும். அதை அவனுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெம்பில்லை.

பின்னேரம் மெனேஜருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல வேலை செய்தீர்கள் என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு எப்படி என்று நான்தான் கேட்டேன். "அப்பிடியேதான்," என்றார். பிறகு, "அவையளைச் சும்மா இருத்தி வைக்காதேங்கோ, மனம் விட்டுப்போகும். நாங்கள் முந்திச் செய்த இடங்களில கானெல்லாம் அடைச்சிருக்கும். போய்த் துப்பரவாக்கச் சொல்லுங்கோ. முதலாளி கேட்டா நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ," என்றார்.

மறுநாள் காலை பாஸையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு, போன வருடம் நாங்கள் கல் பதித்த பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனேன். அந்த இடம் கல்யாண மண்டபத்தைவிட மோசம். வடிகானின் மேல் மூடியைக் கிளப்பியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. பொலித்தீன் பை, யோகட் கப், ஒற்றைச் செருப்பு, அழுகிய இலை. ஒருவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். முதலாளி கேட்டால் நான்தான் கூட்டிவந்தேன் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பாஸ் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு முதலில் இறங்கினார். ஹந்தானை மலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் பாதியாவது முடிந்துவிடும் என்றார் அவர்.